கிருஷ்ணகிரிக் கரடுகளுக்குள் கறுப்புக்கல் புகுந்தது எப்போது?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு கரடு. அதன்மேல் கறுப்பு உருண்டைக் கற்கள், யாரோ வரிசை பிடித்து அடுக்கிவிட்டதுபோல, ஒரே கோட்டில் ஏறி மறுபக்கம் இறங்கும். வயல் வந்தால் கோடு மறைந்துவிடும். அடுத்த மேட்டில் அதே திசையில் மறுபடி தலைகாட்டும். கோட்டையின் இடிந்த மதில் என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

அது மதில் இல்லை. பூமிக்கு அடியில் ஒரு காலத்தில் விழுந்த விரிசல். அதற்குள் பாறைக்குழம்பு ஏறி உறைந்து போன இடம். புவியியலில் இதை டைக் என்பார்கள். கல் வியாபாரத்தில் இந்தக் கறுப்புக்கல்லுக்குப் பெயர் பிளாக் கிரானைட். திண்டிவனத்துப் பக்கம் எடுக்கும் குன்னம் பிளாக் வெளிநாட்டுக் கல்லறைகள் வரை போகிறது. நம் வீட்டுச் சமையல் மேடையிலும் கிடக்கிறது. பெயரில் கிரானைட் இருந்தாலும் இது கிரானைட் கிடையாது, டோலரைட். கிரானைட்டில் குவார்ட்ஸ் நிறைய இருக்கும், நிறம் வெளிறியிருக்கும். டோலரைட்டில் பெல்ஸ்பார், பைராக்சீன் என்னும் கனிமங்கள்தான் பெரும்பங்கு, கூடவே கொஞ்சம் காந்த இரும்புத் தாது. எரிமலையிலிருந்து வெளியே வழிந்திருந்தால் இதே குழம்பு பசால்ட் ஆகியிருக்கும். வெளியே வராமல் வழியிலேயே உறைந்ததால் டோலரைட். ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இது எரிமலைப் பாறை அல்ல. எரிமலைக்கு ஏறிப் போன குழாய்ப்பாதை. அந்தப் பாதை எட்டிய எரிமலைகளும் அவை கக்கிய பசால்ட்டும் மழையிலும் வெயிலிலும் கரைந்து போய் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன.

இடம் கொடுத்த பாறையின் கதை வேறு. அந்தச் சாம்பல் நிறக் கரடு நைஸ் என்னும் உருமாறிய பாறை. சில இடங்களில் அது சார்னோகைட். சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த விதம் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1693-ல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போன கல் என்று புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் கண்டுகொண்டு, 1893-ல் அந்த வகைப் பாறைக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியின் நைஸும் சார்னோகைட்டும் சுமார் 255 முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவாகி, 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்து, புதுக் கனிமங்களாக மாறியவை. அந்த வேக்காட்டில் பாறை அரைகுறையாக உருகி நெளிந்த இடங்களும் உண்டு. கடையில் பாரடைசோ என்று விற்கும், ஊதாவும் சாம்பலும் அலையலையாகச் சுழலும் கல் அப்படி நெளிந்ததுதான். கல் கடையில் பாரடைசோவும் பிளாக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று இடம் கொடுத்த பாறை, மற்றொன்று அதற்குள் புகுந்த பாறை.

புகுந்தது பின்னால் வந்தது, இடம் கொடுத்தது முன்னாலேயே இருந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போலத் தோன்றும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. கிரானைட் உட்பட எல்லாப் பாறையும் ஆதிக் கடலில் கரைந்திருந்து படிந்தவை, கிரானைட்தான் எல்லாவற்றிலும் மூத்தது என்று ஜெர்மன் புவியியலாளர் வெர்னரின் சீடர்கள் சொன்னார்கள். கிரானைட் உருகிய குழம்பாகக் கீழிருந்து வந்தது என்றார் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன். குழம்பாக வந்திருந்தால், ஏற்கனவே இருந்த பாறைக்குள் அது கீறிக்கொண்டு நுழைந்த தடம் எங்கேயாவது கிடைக்க வேண்டும். 1785-ல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையில் அவர் தேடியது கிடைத்தது: கறுத்த உருமாறிய பாறையைச் சிவப்புக் கிரானைட் நரம்பு நரம்பாக வெட்டிக்கொண்டு போயிருந்தது. அவர் குதித்த குதியைப் பார்த்து, கூட வந்த வழிகாட்டிகள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டினார்களாம். அவருடைய நண்பர் ஜான் பிளேஃபேர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் பாறைகளில் எது முந்தி, எது பிந்தி என்று தீர்மானிக்க அதைவிட நேரான வழி கிடையாது. வெட்டியது இளையது, வெட்டுப்பட்டது மூத்தது.

சரி, எவ்வளவு இளையது? வெட்டு அதைச் சொல்லாது. ஆனால் வெட்டிய ஓரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் அந்த ஓரம்தான்.

பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகம் கொஞ்சம் உருகிப் பசால்ட் குழம்பு உண்டாகும்போது அது ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். மேலோடு இழுபட்டு விரிசல் விடும் இடத்தில், சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்த அந்தக் குழம்பு உந்திக்கொண்டு ஏறும். விரிசலின் சுவர் குளிர்ந்திருந்தால், சுவரைத் தொட்ட குழம்பு சட்டென்று உறைந்துவிடும். படிகம் வளர நேரம் இருக்காது. அதனால் டைக்கின் ஓரத்தில் கல் மிகப் பொடியான மணியாக, கைவில்லையில்கூடத் தனித்தனியாகத் தெரியாத நெருக்கத்தில் இருக்கும். நடுவே போகப் போக மணி பெருக்கும். முப்பது மீட்டர் அகலமுள்ள டைக் முழுவதும் கெட்டியாகச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். நடுப்பகுதியில் வெள்ளைப் பெல்ஸ்பார்க் குச்சிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஓரம் பொடியாக இருக்கிறதென்றால், குழம்பு வந்தபோது சுற்றுப்பாறை குளிர்ந்திருந்தது என்று அர்த்தம். உருமாற்ற வேக்காடு முடிந்து, பாறை ஆறி, ஆழத்திலிருந்து ஓரளவு மேலே ஏறி, உடையக்கூடிய கெட்டிப் பாறையாகிவிட்ட பிறகே இந்த டைக் வந்திருக்கிறது. வேகும் நிலையில் இருந்த பாறைக்குள் வந்திருந்தால், அந்த ஓரம் இப்படிச் சட்டென்று உறைந்திருக்காது. கோடும் இவ்வளவு நேராக நின்றிருக்காது, சுற்றுப்பாறையோடு சேர்ந்து மடிந்திருக்கும்.

வேக்காடு டைக்குக்குப் பிறகும் வரலாம். அப்போது டோலரைட்டும் உருமாறும்: பைராக்சீன் போய் ஹார்ன்பிளெண்ட் என்னும் கனிமம் வரும், கல் ஆம்பிபோலைட் என்னும் உருமாறிய பாறை ஆகும், கோடு துண்டு துண்டாக அறுந்து கொழுக்கட்டை வரிசைபோல நைஸுக்குள் கிடக்கும். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கௌரி என்னும் ஊரில் ஒரே டைக் ஒரு பக்கம் டோலரைட்டாகவும் இன்னொரு பக்கம் ஹார்ன்பிளெண்ட் சிஸ்ட் என்னும் உருமாறிய பாறையாகவும் இருப்பதை 1885-ல் டீல் என்பவர் எழுதினார். 1951-ல் ஜான் சட்டன், ஜேனட் வாட்சன் தம்பதியர் அந்த டைக்குகளையே அளவுகோலாக வைத்து அங்குள்ள பழைய நைஸின் சரித்திரத்தை இரண்டாகப் பிரித்தார்கள். டைக்குகள் வருவதற்கு முந்திய வேக்காடு ஒன்று, டைக்குகளையே வேகவைத்த வேக்காடு இன்னொன்று. அழகான யோசனை. ஆனால் எல்லா டைக்கும் ஒரே காலத்தில் வந்தவை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருந்தது. பிறகு வயதை அளந்தபோது சில 240 கோடியை ஒட்டியும் சில 200 கோடியை ஒட்டியும் வந்தன. ஒரே திசை, ஒரே நிறம், நடுவே 40 கோடி ஆண்டு இடைவெளி.

நம் பக்கத்திலும் இந்தப் பிரிவினை உண்டு. தர்மபுரி டைக்குகள் பெரும்பாலும் உருமாறாமல், படிகம் குலையாமல் இருக்கின்றன. பாலக்காடு - காவிரிப் பிளவுப்பட்டைக்குத் தெற்கே மதுரைப் பக்கம் போனால், இந்தப் பழைய டைக் கூட்டம் இதே மாதிரி தொடர்வதில்லை. அங்குள்ள பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மறுபடி கடுமையாக வெந்தவை. சேலத்துக்கு வடக்கே நிற்கும் ஒரு கறுப்புக் கோடு, தன் ஊர் அந்த இரண்டாம் வேக்காட்டில் சிக்கவில்லை என்பதற்குச் சாட்சி சொல்கிறது.

இந்த டைக்குகள் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் பழக்கமானவை. இறுகிய டோலரைட் சுவர் நிலத்தடி நீரை மறித்து நிற்கும். பல இடங்களில் சுவருக்கு மேட்டுப்பக்கக் கிணற்றில் தண்ணீர் இருக்கும், இறக்கத்தில் இருப்பது காய்ந்து கிடக்கும்.

இனி எண்ணுக்கு வருவோம். முதலில் பயன்பட்டவை பொட்டாசியம் - ஆர்கான், ருபிடியம் - ஸ்ட்ரான்ஷியம் முறைகள். கல்லில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கமுள்ளது. 125 கோடி ஆண்டில் அதில் பாதி அழியும், அழிவதில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாகும். சேர்ந்த ஆர்கானை அளந்தால் வயது வரும். தொல்லை என்னவென்றால் ஆர்கான் வாயு; கல் பின்னால் எப்போதாவது சூடுபட்டாலோ சிதைந்தாலோ நழுவிவிடும், வயது குறைத்துக் காட்டும். சில சமயம் சுற்றுப்பாறையிலிருந்து ஆர்கான் உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும், வயது கூட்டிக் காட்டும். ருபிடியம் முறையிலும், கல்லுக்குள் நீர் ஓடிக் கனிமம் மாறியிருந்தால் கணக்கு கெடும்.

பெங்களூருக்குத் தெற்கே ஹாரோஹள்ளி இதற்கு நல்ல உதாரணம். அங்கே வடக்கு - தெற்காக ஓடும் காரத்தன்மையுள்ள டைக்குகள் இருக்கின்றன. இந்தப் பழைய முறைகள் அவற்றுக்கு 80 கோடி ஆண்டுச் சொச்சம் என்றன. பல காலம் அதுவே புழக்கத்தில் இருந்தது. 2008-ல் சிர்கான் என்னும் கனிமத்தின் மணிகளில் யுரேனியம் - ஈயம் முறையில் அளந்தபோது வந்தது ஏறக்குறைய 119 கோடி. வித்தியாசம் 35 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டைனோசர்கள் தோன்றியதிலிருந்து இன்றுவரையான காலத்தைவிட அந்தப் பிழை பெரியது. பழைய எண்ணை நம்பிப் பழங்கண்டங்களை அடுக்கிய வரைபடங்களில் இந்தியாவின் இடத்தையும் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் எல்லா டைக்கிலும் சிர்கானைத் தேடி அளந்துவிடலாமே? டோலரைட்டில் சிலிக்கா குறைவு, சிர்கான் அரிது. கிடைத்தாலும் சந்தேகப்பட வேண்டும். குழம்பு ஏறி வரும்போது சுவரிலிருந்து நைஸின் பழைய சிர்கானை அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். அதை அளந்தால் இடம் கொடுத்தவனின் வயதைப் புகுந்தவனின் வயதாக எழுதிவிடுவோம்.

இங்கேதான் பேடலேயைட் என்னும் கனிமம் வருகிறது. இந்தக் கனிமம் முதலில் இலங்கையில் அடையாளம் காணப்பட்டது. ரக்குவானைப் பக்கத்துக் கற்களிலிருந்து ஜோசப் பேட்லி என்பவர் கொண்டுபோனதை 1892-ல் லண்டனில் ஆராய்ந்து, அவர் பெயரையே வைத்தார்கள். சிர்க்கோனியமும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்தது. சிர்கானில் இருக்கும் சிலிக்கா இதில் இல்லை. இதன் பெருமையே அதில்தான். சிலிக்கா மிகுந்த பாறைக்குள் இது தாக்குப்பிடிக்காது, சிர்கானாக மாறிவிடும். ஆகவே நைஸிலிருந்து டைக்குக்கு இது அடித்து வரப்பட்டிருக்க வழியில்லை. டோலரைட்டுக்குள் இருக்கும் பேடலேயைட் அந்தக் குழம்பிலேயே விளைந்தது. டைக் பின்னால் உருமாறினால் பேடலேயைட்டின் ஓரம் சிர்கானாக மாறும். நடுவில் டைக் பிறந்த வயது, ஓரத்தில் அது வெந்த வயது என்று ஒரே மணியில் இரண்டும் கிடைப்பதுண்டு. 1980-களில் டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியக ஆய்வகத்தில் டாம் க்ரோ முதலானோர் இதைக் கொண்டு டைக்குகளின் வயதை அளந்து காட்டியபிறகு, உலகம் முழுவதும் டைக் ஆராய்ச்சியின் முகமே மாறியது.

மணிகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராத, தட்டையான பழுப்புத் தகடுகள். கல்லை இடித்து, தண்ணீர் ஓடும் ஆட்டுமேசையில் அரிசியில் கல் அரிப்பதுபோல அரித்து, கனமானவற்றை ஒதுக்கி, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இதற்கு டைக்கின் ஓரம் உதவாது. சட்டென்று உறைந்த இடத்தில் பேடலேயைட் அளக்கிற அளவுக்கு வளர்ந்திருக்காது. மெல்ல ஆறிய, மணி பெருத்த நடுப்பகுதியே வேண்டும். எது முந்தி என்று ஓரத்தைக் கேட்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று நடுவைக் கேட்க வேண்டும். ஒரு டைக்கை முழுதாகப் படிக்க இரண்டும் தேவை.

மணிக்குள் யுரேனியம் இருக்கும், பிறக்கும்போது ஈயம் அநேகமாக இருக்காது. யுரேனியம் 238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும், அது ஈயம் 206 ஆகிறது. யுரேனியம் 235 பாதியாக 70 கோடி ஆண்டு, அது ஈயம் 207 ஆகிறது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் ஈயம் கசிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆர்கான் முறையில் இந்த எச்சரிக்கை மணி இவ்வளவு தெளிவாக அடிப்பதில்லை.

2007-ல் வெளியான அளவீட்டில் ஹாரோஹள்ளியின் கிழக்கு - மேற்கு டோலரைட் டைக்கும், ஆந்திரத்தின் பெனுகொண்டா டைக்கும் 236.5 கோடி ஆண்டுகளை ஒட்டி வந்தன. பிழை பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகளே. அந்த வயதில் ஒரு பேடலேயைட் மணியில் இருந்த யுரேனியம் 238-ல் 69 சதவீதம் இன்னும் மிச்சம் இருக்கும், யுரேனியம் 235-ல் 10 சதவீதம்தான் மிச்சம். இரண்டும் ஒரே எண்ணுக்கு வருவது பார்க்கச் சந்தோஷமான விஷயம். பெங்களூரைச் சுற்றித் தொடங்கி வட தமிழகம் வரையிலும் வடக்கே ஆந்திரம், தெலங்கானா வரையிலும் பல நூறு கிலோமீட்டருக்கு விசிறிபோல் பரவியிருக்கும் ஒரு பெரிய டைக் கூட்டத்தைச் சேர்ந்தவை இவை. நைஸ் வெந்து முடிந்து ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகள் கழித்து, ஆறிப்போயிருந்த ஒரு கண்டத்துண்டு இவ்வளவு அகலத்துக்கும் விரிசல் விட்டுக் குழம்பை உள்ளே வாங்கியிருக்கிறது.

ஆனால் இந்த டைக்குகள் நிற்கும் பழைய கண்டத்துண்டான தார்வார்ப் பாறைத்தொகுதி முழுவதும் எல்லாக் கறுப்புக் கோடும் அந்த ஒரே நாளில் வந்தவை அல்ல. பிறகு வந்த அளவீடுகளில் 221 கோடி, 218 கோடி, 189 கோடி என்று வேறு தலைமுறைகளும் தெரிந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நிறத்தையும் திசையையும் மட்டும் வைத்து வயது எழுதக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

புகுந்தவை எல்லாம் கறுப்பும் அல்ல. ஒகேனக்கல் பக்கத்தில் சார்னோகைட் பிரதேசத்துக்குள் கார்பனடைட் புகுந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல்போல் தோன்றும், ஆனால் உருகிய குழம்பாக வந்த கார்பனேட் பாறை. வயது சுமார் 240 கோடி. அங்கிருந்து தொலைவில்லாத திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரிலும் கார்பனடைட் உண்டு, ஆனால் அதன் வயது 80 கோடியைச் சுற்றித்தான். தமிழ்நாடு கனிம நிறுவனம் வெர்மிகுலைட் எடுக்கும் இடம் அதுதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கார்பனடைட்டுகளுக்கு நடுவே 160 கோடி ஆண்டு.

இதில் என்னை வருத்தும் ஒன்றும் உண்டு. குவாரியில் விலை போவது மணி சீராக இருக்கும் நடுப்பகுதி. ஓரத்துக் கல் வெடித்து, நிறம் கலந்து, சதுரப் பாளமாக வராது. அதனால் கழிவுக் குவியலுக்குப் போகிறது. டைக்கும் நைஸும் ஒட்டியிருக்கும் அந்த ஒரு சாண் இடம், ஹட்டன் மலையேறித் தேடிய இடம், வெடி வைத்து உடைக்கப்பட்டு ஜல்லியாகிறது. பரங்கிமலைச் சார்னோகைட்டையும் பெங்களூர் லால்பாக் நைஸையும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரியில் ஓரம் நன்றாகத் தெரியும் இரண்டு மூன்று டைக்குகளுக்கும் அப்படி ஒரு வேலி வேண்டும். கைவிட்ட குவாரிச் சுவர் ஒன்றே போதும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

அந்த ஓரம் கையில் இருந்தால் இன்னொரு கேள்வியையும் கேட்க முடிகிறது. குழம்பு ஆறி 580 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, அதிலுள்ள காந்த இரும்புத் தாது அப்போதைய பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் திசை உண்மையிலேயே பழையதா, பின்னால் ஏறியதா என்று சோதிக்க, டைக்கைத் தொட்டிருக்கும் நைஸையும் அளப்பார்கள். டைக்கின் சூட்டில் வெந்த நைஸ் டைக்கின் திசையையே காட்டி, தள்ளிப் போகப் போக வேறு திசை காட்டினால் அந்தத் திசை டைக் பிறந்தபோதே பதிந்தது. 236.5 கோடி ஆண்டு டைக்குகளில் அந்தத் திசை கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கிறது. பூமிக் காந்தம் அப்படிச் செங்குத்தாக இறங்குவது துருவத்தை ஒட்டிய இடங்களில்தான். இன்று சித்திரை வெயிலில் தொட முடியாமல் கொதிக்கும் அந்தக் கறுப்பு உருண்டைகள் உறைந்தபோது, தர்மபுரி துருவத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.